கிராமத்தில் கணினிப் பயிற்சி மையம்: யாரிடம், எதற்கு, எந்த வரிசையில் பணம் கேட்பது

பிள்ளைகள் ஊரிலிருந்தபடியே கணினி வேலை பார்த்துச் சம்பாதிக்க ஒரு மையம் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "பத்து கம்ப்யூட்டர் யார் தருவாங்க?" என்பதுதான். கம்ப்யூட்டருக்கு ஆள் கிடைத்துவிடுவார்கள். அதைக் கண்ணால் பார்க்கலாம், திறப்பு விழா வைக்கலாம் என்பதால் நன்கொடை தருபவர்களுக்கும் அது எளிது. ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், இணையக் கட்டணம் இவற்றுக்குத்தான் யாரும் முன்வருவதில்லை. மையங்கள் பூட்டப்படுவதும் இவற்றால்தான்.

அதனால் முதல் வருடத்து மாதச் செலவுக்கு வழி தெரிந்த பிறகே முதல் லேப்டாப்பை வாங்குங்கள் என்று சொல்வேன். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இதைத் தொடங்க நினைக்கும் மகளிர் குழு, இளைஞர் மன்றம், சிறு அறக்கட்டளை இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வேலை, பிறகு பயிற்சி

கிராமத்திலிருந்து இந்த வேலை நடக்குமா என்ற சந்தேகத்துக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. சென்னை ஐஐடியின் ஆதரவில் உருவான, கிராமத்து ஆட்களைக் கொண்டு கணினி வேலை செய்துதரும் தேசிக்ரூ நிறுவனம் திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடியில் மையம் நடத்தியது. சோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இல் தென்காசி பக்கத்து மத்தளம்பாறைக்குப் போனது. ஆனால் அவர்கள் கையில் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு கிராமத்துக்கு வந்தவர்கள். உங்களிடம் வாடிக்கையாளர் இல்லை என்றால், பயிற்சி முடித்த இருபது பேரும் சான்றிதழோடு வீட்டில்தான் இருப்பார்கள்.

பெங்களூரிலோ அமெரிக்காவிலோ வாடிக்கையாளரைத் தேடி ஆரம்பிக்காதீர்கள். பக்கத்து டவுனில் இருக்கும் ஆடிட்டரிடம் போங்கள். மளிகைக் கடை, உரக்கடை, ஹார்டுவேர் கடை, ஜவுளிக் கடை என்று அவரிடம் ஐம்பது, நூறு கடைகளின் ஜிஎஸ்டி கணக்கு இருக்கும். மாதாமாதம் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி, வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கெடு. கடைக்காரர் மஞ்சப்பையில் பில்களைக் கட்டிக்கொண்டு வந்து 8ஆம் தேதிதான் போடுவார். அதை டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற ஆள் கிடைக்காமல் ஆடிட்டர் அலுவலகம் திணறும். படிவத்தைத் தாக்கல் செய்வது அவர் பொறுப்பாகவே இருக்கட்டும். பில்லை ஏற்றித் தருவது மட்டும் உங்கள் வேலை.

இந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று புரியும். பில்லில் "து.பருப்பு 50 கி" என்று கையால் எழுதியிருக்கும். வரி 5 சதவீதமா இல்லையா என்பது அது லேபிள் ஒட்டிய பாக்கெட்டா, திறந்த மூட்டையா என்பதைப் பொறுத்தது. ஜிஎஸ்டி எண்ணில் பூஜ்யமா, ஆங்கில ஓ எழுத்தா என்று தெரியாது. டாலி தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கூட இந்த இடத்தில் நின்றுவிடுவார். உங்கள் பயிற்சி இந்த பில்லில் தொடங்க வேண்டும். கணினியின் வரலாற்றிலும் மவுஸின் பாகங்களிலும் தொடங்கினால் மூன்றாம் நாளே பாதிப் பேர் வரமாட்டார்கள்.

பணக் கணக்கையும் பாருங்கள். பில்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு கடைக்குச் சராசரியாக மாதம் 800 ரூபாய் பேசினால், 30 கடைக்கு 24,000. இரண்டு பெண்கள் பகுதிநேரமாகச் செய்தாலே முடியும் வேலை. தலா 9,000 சம்பளம் போக 6,000 மையத்துக்கு மிஞ்சும். மின்கட்டணமும் இணையமும் அதில் அடங்கிவிடும்.

இது கைக்கு வந்தபின் மற்றவை: தமிழ் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்குப் படங்களில் பொருள்களைக் குறித்துக் கொடுப்பது, ஆன்லைன் கடைகளுக்குப் பொருள் விவரம் ஏற்றுவது. ஒலிப்பதிவு வேலைக்கு விலை பேசும்போது கவனம் வேண்டும். புதியவருக்கு ஒரு நிமிடப் பதிவை எழுதி முடிக்க எட்டுப் பத்து நிமிடம் ஆகும். பதிவு நிமிடத்துக்கு என்று சொல்லப்படும் விலையை அந்தக் கணக்கில் வகுத்துப் பாருங்கள்.

ஆடிட்டரிடமோ, கடைக்காரர் சங்கத்திடமோ, "இந்தத் தரத்தில் செய்துகொடுத்தால் மாதம் இவ்வளவு வேலை தருவோம்" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். பின்னால் வங்கி மேலாளர், நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அதிகாரி, மகளிர் திட்ட அதிகாரி என யாரிடம் போனாலும் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தாள் அதுதான்.

கணக்கைத் தாளில் போடுங்கள்

பத்து இருக்கை, காலை ஒரு குழு, பிற்பகல் ஒரு குழு, மொத்தம் 20 பேர் என்று வைத்து நான் போடும் உத்தேசக் கணக்கு இது. உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருமுறைச் செலவு:
- பழுது பார்த்து வாரன்டியோடு விற்கும் லேப்டாப் 10, தலா 22,000: 2,20,000
- மேசை, நாற்காலி: 40,000
- இன்வெர்ட்டர், பேட்டரி: 50,000
- வயரிங், எர்த், மின்விசிறி, ரவுட்டர், ஹெட்போன்: 40,000
- மொத்தம்: 3,50,000

மாதச் செலவு:
- ஆசிரியர்: 18,000
- ஒருங்கிணைப்பாளர்: 10,000
- குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்: 6,000
- மின்சாரம்: 3,500
- இரண்டு இணைய இணைப்பு: 1,500
- ரிப்பேர், தாள், சுத்தம்: 3,000
- மொத்தம்: 42,000, வருடத்துக்கு 5,04,000

கம்ப்யூட்டர், மேசை எல்லாம் சேர்ந்த செலவைவிட ஒரு வருட நடப்புச் செலவு ஒன்றரை லட்சம் அதிகம். திட்ட அறிக்கையில் இரண்டாவது பட்டியல் இல்லை என்றால் அதை யாரிடமும் நீட்டாதீர்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் எதற்கு என்று கேட்பார்கள். அந்த வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். இளம் தாய்மார்கள் முதல் இரண்டு வாரம் மாமியாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருவார்கள். மூன்றாம் வாரம் நாற்று நடவு வரும், அல்லது மாமியாருக்கு முட்டிவலி வரும். அவ்வளவுதான், வருகை நின்றுவிடும். பஸ் செலவுக்கு நான் தனியாகப் பணம் போடவில்லை, ஏனென்றால் அரசு சாதாரண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ் வராத ஊர் என்றால் அதற்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இணையம் இரண்டு வேண்டும், வேறு வேறு நிறுவனத்திடம். கெடு நாளில் ஃபைபர் அறுந்தால் ஆடிட்டர் அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்ப்பார். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இணையம் கொண்டுவரும் மத்திய அரசின் பாரத்நெட் வேலை, டான்ஃபினெட் என்ற மாநில அரசு நிறுவனம் வழியாக நடக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கேபிள் இயங்குகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

இடத்துக்கு வாடகை கொடுக்காதீர்கள்

ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சேவை மையக் கட்டடம், நூலகக் கட்டடம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பல ஊர்களில் அவை வாரத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. கிராம சபையில் தீர்மானம் போட்டு அதில் ஒரு அறையைக் கேளுங்கள். சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனுவைக் கொடுத்துக் கூட்டப் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தன்று எழுந்து பேசினால் மட்டும் தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. தீர்மானத்தின் நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எந்தச் செலவை யாரிடம் கேட்பது

எல்லாச் செலவையும் ஒரே இடத்தில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். ஒவ்வொரு நிதிக்கும் அது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று விதி இருக்கிறது.

பொருள்களுக்கு: சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு வருடம் 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இந்த நிதியில் வாங்கும் பொருள் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். அதனால் உங்கள் அறக்கட்டளை பெயரில் கேட்காமல், நூலகத்துக்கோ ஊராட்சிக் கட்டடத்துக்கோ என்று கேளுங்கள். ஊர் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டமும் உண்டு. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் திரட்டும் பணத்தை அந்தப் பங்காகக் காட்டலாம்.

பயிற்சிச் செலவுக்கு: பலர் தவறவிடும் இடம் ஆர்செட்டி. மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இது. இதன் மூல வடிவம் 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கியது. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். கணினிக் கணக்குப் பதிவு அவர்கள் பட்டியலில் இருக்கிறது. பயிற்சி முடிந்தபின் இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்து வங்கிக் கடன் கிடைக்கவும் உதவ வேண்டும் என்பது அவர்கள் விதி. 25 பேர் அளவில் குழு சேர்த்துக் கொடுத்தால் உங்கள் ஊரிலேயே வந்து நடத்தவும் கேட்கலாம். இயக்குநரைப் பெயர்ப் பட்டியலோடு, ஆதார் நகலோடு நேரில் பாருங்கள். டாலி ஆசிரியர் செலவு சில வாரங்களுக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், தன்னிடம் பதிவு பெற்ற பயிற்சி நிறுவனங்களுக்குக் கட்டணம் தருகிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் அதன் கீழ்தான் வருகிறது. புது மையம் அந்தப் பதிவை உடனே வாங்குவது கடினம். ஏற்கெனவே பதிவு பெற்ற பக்கத்து ஐடிஐ அல்லது பாலிடெக்னிக்கோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய கிளை வகுப்பாக நடத்த முடியுமா என்று கேளுங்கள்.

மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய கிராமத் திறன் திட்டம் 15 முதல் 35 வயதுள்ள கிராமப்புற ஏழை இளைஞர்களுக்கானது. பெண்களுக்கு 45 வரை. பயிற்சி பெற்றவர்களை வேலையில் சேர்த்துக் காட்ட வேண்டிய பெரிய நிறுவனங்களே அதை நடத்துகின்றன. வெளியூர் போகத் தயாரான பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். ஊரிலேயே இருக்க வேண்டியவர்களுக்கு உங்கள் மையம் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். வீட்டுக்கு ஒருவருக்கு 20 மணிநேர டிஜிட்டல் பயிற்சி தந்த பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2024 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. நாடு முழுவதும் 6.39 கோடிப் பேர் அதில் பயிற்சி பெற்றார்கள். போனில் பணம் அனுப்பவும் அரசுத் தளங்களைப் பயன்படுத்தவும் அது உதவியது. அந்தப் பெயரில் இப்போது மையம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாதச் செலவுக்கு: பெரும்பாலும் இரண்டே வழிதான். ஒன்று உங்கள் வேலையிலிருந்து வரும் வருமானம். இன்னொன்று நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, எல்லோரும் சொல்லும் சிஎஸ்ஆர்.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வேலைத்திறன் வளர்க்கும் தொழிற்பயிற்சியும் ஊரக வளர்ச்சியும் சட்டம் அனுமதிக்கும் பட்டியலில் இருக்கின்றன. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே சென்னையின் பெரிய பெயர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிட, அரியலூர்க்காரர் சிமென்ட் ஆலைக்கும் கடலூர்க்காரர் நெய்வேலிக்கும் நேரில் போவது பலன் தரும். உங்கள் ஊர்ச் சாலையில் யாருடைய லாரி ஓடுகிறதோ அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

ஆனால் விதி ஒன்று குறுக்கே நிற்கும். இந்த நிதியை வாங்கும் அறக்கட்டளை அல்லது சங்கம் வருமானவரித் துறையில் 12ஏ, 80ஜி பதிவும் (தனக்கும் நன்கொடை தருபவருக்கும் வரிச்சலுகை தருபவை), கம்பெனி விவகாரத் துறையில் சிஎஸ்ஆர்-1 பதிவும் பெற்றிருக்க வேண்டும். அதோடு இதே மாதிரிப் பணியில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். நேற்றுத் தொடங்கிய அறக்கட்டளைக்கு இது நடக்காது. தகுதியுள்ள பழைய தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாகப் பணம் வர, வேலையை நீங்கள் நடத்தும்படி எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். கம்ப்யூட்டர் யாருக்குச் சொந்தம், பணம் எந்தத் தேதியில் கைமாறும், ரசீது யார் பெயரில் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதற்கிடையே உங்கள் பெயரில் வருகைப் பதிவு, தணிக்கை செய்த கணக்கு, புகைப்படம் எல்லாம் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மூன்று வருடம் கழித்து அதுவே உங்கள் தகுதியாகிவிடும்.

மகளிர் குழு வழியாகப் போகிறீர்களா

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இருக்கும், மகளிர் குழுக்களைக் கவனிக்கும் வட்டார இயக்க மேலாண்மை அலகுதான் உங்கள் முதல் படி. ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பு தீர்மானம் போட்டுக் கேட்டால், தனி ஆளாகக் கேட்பதைவிட மதிப்பு அதிகம். மாநில அரசின் ஊரகத் தொழில் திட்டமான வாழ்ந்து காட்டுவோம் நடந்த வட்டாரங்களில் தொழில் தொடங்குபவர்களுக்கு 70 சதவீதம் கடன், 30 சதவீதம் இணை மானியம் என்ற ஏற்பாடு இருந்தது. உங்கள் வட்டாரத்தில் இப்போது அது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சுய உதவிக் குழுக்களுக்கு 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் பத்திரம் கேட்டால் இதைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

வங்கிக் கடன்

பயிற்சிக்காகக் கடன் வாங்காதீர்கள். வேலை வர ஆரம்பித்து, மையம் ஒரு சிறுதொழிலாக மாறும்போது மட்டும் வாங்குங்கள். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடனில் சிசு பிரிவு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை. இரண்டுக்கும் பிணை இல்லை.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். புதுத் தொழிலுக்கு மட்டும். கிராமத்தில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் முதலானோருக்கு 35 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 25. ஒரு பெண் 8 லட்சத்துக்குத் திட்டம் போட்டால் கையிலிருந்து 5 சதவீதம், அதாவது 40,000 போட வேண்டும். வங்கி 7,60,000 தரும். மானியமான 2,80,000 அவர் கையில் வராது. வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருந்து, தொழில் நடப்பது உறுதியான பிறகு கடனில் கழிக்கப்படும். மானியம் வந்ததும் கைமாற்றை அடைத்துவிடலாம் என்று நினைத்து வட்டிக்கு வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். ஆனால் போடும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய், திட்டம் நடப்பில் இருக்கிறதா, இந்த வருட இலக்கில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவையும் முடித்துவிடுங்கள், அது இலவசம். அந்தப் பதிவு இருந்தால், உங்களிடம் வேலையைச் செய்து வாங்கிக்கொண்டவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கும்போது கேட்கச் சட்டம் துணை நிற்கும்.

நிதி கேட்கும் கடிதம்

நான்கு பக்கம் போதும். எத்தனை பேர், என்ன வயது, இப்போது என்ன செய்கிறார்கள் என்பது ஒரு பக்கம். வேலை தருவதாக வந்த கடிதம் ஒரு பக்கம். இரண்டு செலவுப் பட்டியலும் ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் மற்ற நிதி எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்: இடம் ஊராட்சி, டாலி பயிற்சி ஆர்செட்டி, மேசை ஊர்க்காரர்கள், உங்களிடம் கேட்பது ஆசிரியர் சம்பளம் 12 மாதத்துக்கு 2,16,000. படிக்கும் அதிகாரிக்குத் தன் பணம் எதை நிறைவு செய்யும் என்று சட்டெனப் புரிய வேண்டும். கிராமத்தை மாற்றுவோம், நாட்டை உயர்த்துவோம் என்ற வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். அவர் மேசையில் இருக்கும் எல்லாக் கடிதத்திலும் அவை உண்டு.

மோசடியைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள்

வீட்டிலிருந்து டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் 2,000 என்று வரும் அழைப்புகள் அதிகம் குறிவைப்பது கிராமத்துப் பெண்களையும் படித்துவிட்டு வேலை தேடும் பையன்களையும்தான். இன்னொரு வகையில், வேலையைக் கொடுத்துவிட்டுப் பிழை இருக்கிறது என்று சொல்லி வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி அபராதம் கேட்பார்கள். பயந்து கட்டியவர்கள் வீட்டில் சொல்லக்கூட மாட்டார்கள். வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம் என்பதற்கும் ஒத்துக்கொள்ளக் கூடாது. திருட்டுப் பணம் அதில் நுழைந்தால் போலீஸ் முதலில் வருவது கணக்கு வைத்திருப்பவர் வீட்டுக்குத்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கடைக்காரர்களின் பில்லை யாரும் தன் சொந்த வாட்ஸ்அப்பில் வாங்கக் கூடாது என்பதும் முதல் நாளே விதியாக வேண்டும். ஒரு கடையின் கொள்முதல் விலை இன்னொரு கடைக்குத் தெரிந்துவிட்டால் டவுனில் உங்களுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள்.

எப்போது தொடங்குவது

நிறுவனங்கள் அடுத்த நிதியாண்டுக்கான சிஎஸ்ஆர் பட்டியலை ஏப்ரலுக்கு முன்பே போட்டுவிடும் என்பதால் அங்கே டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். இடத்துக்கான தீர்மானத்தை அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 சபையில் வாங்கியிருந்தால் நிதி கேட்கும் கடிதத்தோடு இணைக்கலாம். ஆடிட்டரைப் பார்க்க 21ஆம் தேதிக்கு மேல் போங்கள், அதற்கு முன் அவருக்குப் பேச நேரம் இருக்காது. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் வீட்டில் பிள்ளைகளோடு பெண்களுக்கும் ஒழிவில்லை. ஜூனில் பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து முதல் குழுவைத் தொடங்குங்கள். ஐந்து லேப்டாப்பும் ஐந்து கடை பில்லும் கையில் இருந்தால் அதற்குப் போதும்.